சர்வர் இமேஜை வேறு மெஷினில் இறக்கலாமா, புதிதாக நிறுவலாமா?

கேபிள்ராஜா: பழையது டெல் பவர்எட்ஜ் ஆர்720. பெர்க் எச்710 கன்ட்ரோலர் (டிஸ்குகளை இயக்கும் அட்டை), பயாஸ் பூட் (பழைய பூட் முறை), எம்பிஆர் டிஸ்க் (பழைய பார்ட்டிஷன் அமைப்பு). விண்டோஸ் சர்வர் 2016, அதன் மேல் எஸ்க்யூஎல் சர்வரும் (டேட்டாபேஸ்) ஒரு கணக்கு மென்பொருளும். முழு இமேஜ் (டிஸ்கின் அச்சு அசல் நகல்) கையில் இருக்கிறது. போக வேண்டியது எச்பிஇ புரோலையன்ட் டிஎல்380 ஜென்10, அதன் கன்ட்ரோலர் ஸ்மார்ட் அரே பி408ஐ-ஏ. இமேஜை அப்படியே இறக்கலாமா?

பூட்செக்டர்: தாராளமா இறக்கலாம். பயப்பட வேண்டியது 7பி நீலத்திரைக்கு மட்டும்தான், அதாவது ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’. கர்னலும் (விண்டோஸோட மையப்பகுதி) பூட் டிரைவர்களும் மெமரிக்கு வர்றது ஃபர்ம்வேர் தயவுல. அதனால லோகோ வரைக்கும் ஜோரா வரும். அப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால டிஸ்கைத் தொடப் போகும், பி408ஐ-க்கான ஸ்மார்ட்பிக்யூஐ டிரைவர் இருக்காது, படுத்துடும்.

வழி இதுதான். வின்பிஇ (நிறுவாமலே ஓடற குட்டி விண்டோஸ்) பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. அதுக்கும் கன்ட்ரோலர் தெரியலைன்னா டிஆர்விலோட் கமாண்டுக்கு டிரைவரோட ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டுங்க. இது ஓடிட்டிருக்கற வின்பிஇக்கு மட்டும்தான், இறக்கின விண்டோஸுக்குள்ள போகாது. நிறைய பேர் கோட்டை விடற இடம் இது. இமேஜை இறக்கின பிறகு டிஸ்ம் கருவியில அந்த விண்டோஸ் இருக்கற டிரைவைக் காட்டி அதே ஃபோல்டரை ‘ஆட்-டிரைவர்’ போடணும். எச்பிஇ தர்ற இஎக்ஸ்இ-யைப் பிரிச்சு ஐஎன்எஃப், சிஸ், கேட் மூணும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். வின்பிஇ-ல உங்க சி டிரைவ் டி-யாவோ இ-யாவோ வந்து நிக்கும், எழுத்தைப் பார்த்துட்டு அடிங்க. கடைசியா ‘கெட்-டிரைவர்இன்ஃபோ’ல பூட் கிரிட்டிகல் (பூட்டுக்கு அவசியமான டிரைவர்) ‘யெஸ்’னு இருக்கான்னு பாருங்க.

நிர்வாகி404: டிரைவர் பிரச்சினைதான் இருப்பதிலேயே எளிது. பெரிய பிரச்சினை, பூட் ஆன பிறகும் கூடவே வரும் குப்பை. டெல்லின் நிர்வாகக் கருவியான ஓபன்மேனேஜ் சர்வீஸ்கள், பழைய கன்ட்ரோலரின் கண்காணிப்பு ஏஜென்ட், மறைந்து கிடக்கும் நெட்வொர்க் கார்டு. புதுக் கார்டுக்குப் பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால், ‘வேறு அடாப்டரில் ஏற்கெனவே இருக்கிறது’ என்று விண்டோஸ் முறைக்கும். டெல் மெஷினோடு சேர்த்து விற்ற ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினோடு முடிந்தது. எச்பிஇ-யில் அது செல்லாது.

சர்வர் 2016-க்கு நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2027 ஜனவரி 12 வரைதான். புது மெஷின் வாங்கி, சாகப்போகும் ஓஎஸ்ஸை அதில் ஏற்றுவானேன்? 2022 போடுங்கள். டேட்டாபேஸை பேக் (பேக்கப்) ஃபைலாக எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள். லாகின்களை எஸ்ஐடி (உள் அடையாள எண்) மாறாமல் ஸ்கிரிப்ட் எடுங்கள், இல்லாவிட்டால் டேட்டாபேஸ் யூசர்கள் அனாதையாக நிற்பார்கள். எஸ்க்யூஎல் சர்வரின் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் உள்ள ஜாப்களையும் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்) மறக்கவேண்டாம்.

பூட்செக்டர்: நெட்வொர்க் கார்டு அஞ்சு நிமிஷ வேலை. டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சதைக் காட்டச் சொல்லி அன்இன்ஸ்டால் பண்ணா போச்சு. லைசென்ஸ் நியாயம்தான், புதுசா வாங்கணும். ஆனா கணக்கு மென்பொருள்? பழைய பதிப்போட இன்ஸ்டாலர் எங்க இருக்கு, ஆக்டிவேஷன் சர்வர் உயிரோட இருக்கா? புதுசா நிறுவுங்கன்னு சொல்றவங்க யாரும் இதைக் கேக்கறதே இல்லை.

பூட் மோடைப் பத்தி: ஜென்10-ல எஃப்9 அழுத்தி லெகசி பயாஸ் வைக்கலாம், எம்பிஆர் அப்படியே ஓடும். எம்பிஆர் 2 டிபி-க்கு மேல பாக்காது. அதனால அரேயை (டிஸ்குகளோட தொகுப்பை) முழுசா ஒரே லாஜிக்கல் டிரைவா ஆக்காம, ஓஎஸ்ஸுக்கு 500 ஜிபி தனியா வெட்டுங்க. புது பூட் முறையான யூஇஎஃப்ஐ-தான் வேணும்னா டிஸ்கை ஜிபிடி-க்கு (புது பார்ட்டிஷன் அமைப்பு) மாத்தி, இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, பிசிடிபூட் கமாண்ட்ல யூஇஎஃப்ஐ-னு சொல்லி பூட் ஃபைல்களை எழுதணும். மாத்தித் தர்ற எம்பிஆர்2ஜிபிடி கருவி, பிரைமரி பார்ட்டிஷன் 3-க்கு மேல இருந்தாலோ எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ கை விரிச்சிடும்.

பெங்குவின்பாண்டி: லினக்ஸ்காரர்களும் இந்தத் திரியைப் படிப்பார்கள் என்பதால்: ரெட்ஹேட் குடும்பத்தில் டிராகட் கருவி தன் மெஷினுக்குத் தேவையான டிரைவரை மட்டும் இனிட்ராம்எஃப்எஸ்-இல் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) வைக்கும். மெனுவில் உள்ள ரெஸ்க்யூ கர்னலில் பூட் செய்து, ‘நோ-ஹோஸ்ட்ஒன்லி’ கொடுத்துத் திரும்பக் கட்டுங்கள். 9-ஆம் பதிப்பில் இன்னொரு பொறி: எல்விஎம் (டிஸ்குகளைத் தொகுதிகளாக நிர்வகிப்பது) எந்த டிஸ்குகளைத் தொடலாம் என்று சிஸ்டம்.டிவைசஸ் ஃபைலில் அடையாள எண்ணோடு எழுதி வைத்திருக்கும். புது கன்ட்ரோலரில் எண் மாறும், டேட்டா விஜி (எல்விஎம் தொகுதி) எழாது, எஃப்எஸ்டேப் ஃபைலில் அது பட்டியலில் இருப்பதால் பூட் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் தள்ளும். ‘விஜிஇம்போர்ட்டிவைசஸ்’ அடித்தால் சரியாகும்.

நிர்வாகி404: ராஜா, உங்கள் சர்வர் டொமைன் கன்ட்ரோலர் (டிசி, நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை வைத்திருப்பது) இல்லையே? டிசி என்றால் பேச்சே வேண்டாம். மற்ற டிசி-கள் ஓடும்போது பழைய இமேஜை இறக்கினால் யூஎஸ்என் (மாற்றங்களின் வரிசை எண்) பின்னோக்கிப் போய் டிசி-களுக்கிடையிலான ரெப்ளிகேஷன் சத்தமில்லாமல் கெடும். புது டிசி சேர்த்துப் பொறுப்புகளை மாற்றிவிட்டுப் பழையதை டிசி பொறுப்பிலிருந்து விலக்குவதுதான் வழி.

கேபிள்ராஜா: டிசி இல்லை. இன்ஸ்டாலரும் இல்லை. ஒரு தகவல் விட்டுப்போச்சு: புது டிஸ்குகள் 4கேஎன் வகை (செக்டார் ஒன்று 4096 பைட்).

பூட்செக்டர்: அதை முதல்லயே சொல்லக்கூடாதா! பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கறது பைட் இல்லை, செக்டார் எண். 2048-னு எழுதியிருந்தா 512 பைட் டிஸ்க்ல அது 1 எம்பி, 4கேஎன்-ல 8 எம்பி. டேபிளைத் திருத்தினாலும் என்டிஎஃப்எஸ் உள்ளேயும் செக்டார் அளவு எழுதியிருக்கு. இமேஜ் எழாது. 4கேஎன்-ல லெகசி பூட்டும் கிடையாது. 512இ டிஸ்க் (வெளியே 512 பைட் செக்டார் காட்டறது) மாத்தி வாங்குங்க.

நிர்வாகி404: டிஸ்க் மாற்றவேண்டாம். சர்வர் 2022 போட்டு ஹைப்பர்-வி (விஎம் எனும் மெய்நிகர் மெஷின்களை ஓட்டுவது) ஏற்றுங்கள். இமேஜை விஎச்டிஎக்ஸ் (மெய்நிகர் டிஸ்க் ஃபைல்) ஆக்கி ஜெனரேஷன் 1 விஎம்மில் இணையுங்கள். அது பயாஸ்தான், எம்பிஆர் ஓடும், டிரைவர் 2016-இலேயே இருக்கிறது. அடியில் 4கேஎன் இருந்தாலும் விஎச்டிஎக்ஸ் உள்ளே 512 செக்டார் காட்டும்.

பூட்செக்டர்: இமேஜை இறக்காதேன்னு ஆரம்பிச்சவர் இப்ப விஎம்முக்குள்ள இறக்கச் சொல்றார், சந்தோஷம். ராஜா, அந்த மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள் (செருகினாதான் மென்பொருள் திறக்கற சாவி) உண்டா? ஹைப்பர்-வி யூஎஸ்பி-யை உள்ளே விடாது.

கேபிள்ராஜா: உண்டு. பச்சை டாங்கிள், பின்பக்கம் செருகியிருக்கு.

நிர்வாகி404: நெட்வொர்க் வழியாக யூஎஸ்பி பகிரும் பெட்டி ஒன்று வாங்கினால் போதும்.

பூட்செக்டர்: எல்லா டாங்கிளும் அதுக்கு ஒத்துக்காது. பெட்டியை முதல்ல பழைய சர்வர்லயே மாட்டி ஓட்டிப் பாருங்க. அதுல மென்பொருள் திறந்தா விஎம், திறக்கலைன்னா 512இ டிஸ்க். ரெண்டுல எதுவானாலும் புதுசை ஏத்தறப்ப பழையதோட லேன் கேபிளைப் பிடுங்கிடுங்க, ஒரே பேர், ஒரே ஐபி-யில ரெண்டு மெஷின் எழக்கூடாது.