மறு: 'லோடிங் டோஸ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். அறுவை அரங்கில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பது என் வேலை. அறுவையில் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றி, பெற்றோருக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சொல்லில்லாமல் தடுமாறினேன்: முதலில் கொடுக்கும் பெரிய அளவான 'லோடிங் டோஸ்', பிறகு தொடர்ந்து கொடுக்கும் 'மெயின்டெனன்ஸ் டோஸ்', அந்த மருந்து வகையின் பெயரான 'ஆன்டிஃபைப்ரினோலிட்டிக்' – இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதனால்தான் கேள்வியை இங்கே கொண்டுவந்தேன்.

> 'ஆன்டிஃபைப்ரினோலிட்டிக்' என்பதற்கு 'உறைவூக்கி' போதுமே? இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துதானே?

போதாது, ஐயா. டிரானெக்சாமிக் அமிலம் உறைவை ஊக்குவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் உடல் தானாகவே ஃபைப்ரின் என்ற புரத இழைகளைப் பின்னி அடைப்பு போடுகிறது. அதே உடல், பிளாஸ்மின் என்ற நொதியால் அந்த இழைகளை அறுக்கவும் தொடங்குகிறது. பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜென், இழையில் உள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் அங்கே உட்காரும். இந்த மருந்து பார்வைக்கு லைசீன் போலவே இருப்பதால் அந்தப் பிடியைத் தான் அடைத்துக்கொள்கிறது. பின்னிய அடைப்பு அறுபடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். 1962இல் ஜப்பானில் இதைக் கண்டறிந்து வெளியிட்ட உட்டாக்கோ, ஷோசுக்கே ஒகாமோட்டோ தம்பதியர் தேடியதும் இந்தத் தடுப்பைத்தான்.

இன்னொன்றும் உண்டு. 'உறைவூக்கி' என்று விளக்கத்தாளில் போட்டால், "என் பிள்ளைக்கு மூளையில் இரத்தம் கட்டிக்கொள்ளுமா?" என்று ஒரு தாய் கேட்பார். மருந்து செய்யாத ஒன்றைச் சொல் சொல்லி, அவரை அச்சுறுத்திவிடும்.

என் பரிந்துரை: உறைவுகாப்பி. உறைவைக் காப்பது. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் நடுவில் 'க்' வேண்டாம் என்றே நினைக்கிறேன். 'காப்பி' என்றதும் குடிக்கும் காப்பிதான் நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். 'மின்காப்பி'யை (மின்சாரத்தைக் கடத்தாத பொருள்) படிக்கும் மாணவர் யாரும் அப்படிக் குழம்பக் காணோம். தவிர, உறைவெதிர்ப்பி (ஹெப்பாரின் என்ற மருந்தைப் போல உறையவிடாதது), உறைவுகரைப்பி (உறைந்ததைக் கரைப்பது), உறைவுகாப்பி (உறைந்ததைக் கரையாமல் காப்பது) என்று மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கின்றன. ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற இரண்டும் புரியும்.

இனி, இழையின் தலைப்புக்கு வருகிறேன்.

> லோடிங் டோஸ் – ஏற்றளவு அல்லது சுமையளவு. மெயின்டெனன்ஸ் டோஸ் – பராமரிப்பளவு.

'சுமை' வேண்டவே வேண்டாம். அது ஆங்கிலச் சொல்லின் நிழல். மருந்து யாருக்கும் பாரமாக இங்கே போவதில்லை. 'ஏற்றளவு' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் ஆபத்தானது. மருத்துவமனையில் 'ஏற்றுவது' என்றால் இரத்தம் ஏற்றுவதுதான். அதைத் தவிர்க்கத்தான் இந்த மருந்தையே கொடுக்கிறோம்! ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தம் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர், அதாவது கிலோவுக்கு 80. பெரியவருக்கு 100 மில்லி போனால் யாரும் பதறுவதில்லை. இந்தக் குழந்தைக்கு அது கால்பங்கு. மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்ட கைக்குழந்தைகளுக்கு அதைப் பிரித்துச் சீராக்கும்போது, எலும்பிலும் தலைத்தோலிலும் கசிந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 'ஏற்று' என்ற சொல் இரண்டு பொருள் தரக் கூடாது.

சொல்லுக்குள் காரணம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அடியில் சிறு ஓட்டையுள்ள தொட்டியை நினைத்துப்பாருங்கள். முதலில் வேண்டிய மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். பிறகு ஓட்டை வழியே போவதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்ப எவ்வளவு வேண்டும் என்பதைத் தொட்டியின் கொள்ளளவு சொல்லும். ஈடுகட்ட எவ்வளவு வேண்டும் என்பதை ஓட்டையின் அளவு சொல்லும். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை.

கைக்குழந்தையிடம் இந்த இரண்டுமே பெரியவரைப் போல இல்லை. உடலில் நீரின் பங்கு அதிகம்: பெரியவரிடம் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு, பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய 75. எனவே கிலோவுக்குக் கிலோ தொட்டி பெரிது. இதய அறுவைக்காக இதய–நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தால் அதன் குழாய்களில் உள்ள நீர்மமும் சேர்ந்து தொட்டி இன்னும் விரிகிறது. ஆனால் ஓட்டை சிறிது. இந்த மருந்து பெரும்பாலும் மாறாமல் சிறுநீரகம் வழியேதான் வெளியேறும். முதல் மாதங்களில் சிறுநீரகம் முழுத் திறன் பெற்றிருக்காது. பெரியவரின் அளவை எடைக்கு வகுத்துக் கொடுத்தால் ஏன் தப்பாகும் என்பதை 'நிரப்பு', 'ஈடு' என்ற இரண்டு சொல்லே விளக்கிவிடும். 'பராமரிப்பு' எதையும் விளக்காது.

ஆகவே லோடிங் டோஸுக்கு நிரப்பளவு. மற்றதற்கு 'ஈட்டளவு' என்றுதான் நேற்றிரவு எழுதி வைத்திருந்தேன் (காடு + ஆறு = காட்டாறு போல, ஈடு + அளவு). காலையில் மருந்துக் குறிப்பேட்டைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. நிரப்புவது கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், அது அளவு. தொடர்ந்து பம்பில் போவதோ கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லிகிராம். அது அளவே அல்ல, வீதம். அளவையும் வீதத்தையும் குழப்பினால் கைக்குழந்தைக்குப் பத்து மடங்கு போய்விடக்கூடும். எனவே ஈட்டுவீதம். வேளைக்கு ஒன்றாகக் கொடுக்கும் மாத்திரைக்கு 'ஈட்டளவு' இருக்கட்டும்.

பயன்படுத்திப் பார்க்கிறேன்: "மண்டையோட்டு அறுவைக்கு 2011இல் வெளியான ஆய்வொன்றில் நிரப்பளவு கிலோவுக்கு 50 மி.கி., ஈட்டுவீதம் கிலோவுக்கு மணிக்கு 5 மி.கி. பின்னர், குழந்தைகளின் இரத்தத்தில் மருந்தின் செறிவை அளந்து கணக்கிட்டபோது, 15 நிமிடத்தில் கொடுக்கும், கிலோவுக்கு 10 மி.கி. நிரப்பளவே போதும் என்று தெரிந்தது, ஈட்டுவீதம் மாறவில்லை." ஐந்து கிலோ குழந்தைக்கு 250 மி.கி. எங்கே, 50 மி.கி. எங்கே! மிகையாகப் போனால் வலிப்பு வரக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. எந்த எண் மாறியது, எது மாறவில்லை என்பது தடங்கலின்றிப் படிக்க முடிகிறதா? எனக்கு முடிகிறது. உங்களுக்கு?

'இரத்தம்' என்பதற்குப் பதில் 'குருதி' வேண்டும் என்று இந்த இழையில் எழுதிய ஐயாவுக்கு ஒரு சொல்: பாடநூலில் குருதி என்றே எழுதுவோம், மறுக்கவில்லை. விளக்கத்தாளை அறுவைக்கு முந்தின இரவில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார்கள். அதில் இரத்தம் என்றே இருக்கட்டும். அந்தத் தாளுக்கு நான் எழுதியிருக்கும் வரி இது, திருத்துங்கள்:

"உங்கள் குழந்தையின் உடல் தானாகப் போடும் இரத்த அடைப்பு சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்க ஒரு மருந்து கொடுப்போம். முதலில் 15 நிமிடத்தில் நிரப்பளவு. பிறகு, சிறுநீரில் வெளியேறும் மருந்தை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும், அறுவை முடியும்வரை சிறிது சிறிதாக."

'அடைப்பு' என்றால் இதய அடைப்பு நினைவுக்கு வருமோ என்ற ஐயம் மட்டும் எனக்குத் தீரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்