புதுப்பிப்பு: பாங்காக் பார்சல் சாப்பாடு

பாங்காக்கில் தெருமுனைக் கடைகளில் பார்சல் வாங்கியே இரவுச் சாப்பாட்டை முடிப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். சைவத்துக்கு வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பில் தாய்லாந்து எழுத்து இருந்தால் அது 'ஜே' கடை, அதாவது சுத்த சைவம். பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. மற்ற இடங்களில் வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாஸ் விழுந்துவிடும்.

சோற்றின் மேல் இரண்டு கறி, சாதாரணக் கடையில் 50, 60 பாட். நான் இன்னும் பட் க்ரபாவ் கட்சிதான்: துளசி போட்டு வதக்கிய கொத்துக்கறி. 10 பாட் போல கூடக் கொடுத்தால் மேலே பொரித்த முட்டை. அதை விட்டுவிடாதீர்கள்!

குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கித் தருவார்கள். பிரிக்கப் பொறுமை இல்லை, எனக்குக் கத்தரிக்கோல்தான். அப்புறம், காரம் குறைய வேண்டுமானால் 'பெட் நித் நோய்' என்று சொல்லுங்கள். நம் நாக்குக்கும் அதுவே போதும்.