ஒரே எஸ்எஸ்டியில இன்டெல் லேப்டாப்புக்கும் ராஸ்ப்பெரி பைக்கும் டெபியன் போட முடியுமா?

ஊர்சுத்தி:
பகல்ல இன்டெல் லேப்டாப், ராத்திரி வீட்டு டிவிக்குப் பின்னாடி மாட்டியிருக்கிற ராஸ்ப்பெரி பை 4ங்கிற குட்டிக் கம்ப்யூட்டர். ரெண்டுலயும் அதே பைத்தான் கோடுதான். ஃபைலை அங்கயும் இங்கயும் காப்பி பண்ணி, எது புதுசுன்னே தெரியாமப் போயிடுது. யூஎஸ்பி கேஸ்ல போட்ட 480 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு சும்மா கிடக்கு. எந்த மெஷின்ல சொருகினாலும் அதுலேருந்தே டெபியன் லினக்ஸ் பூட் ஆகணும், என் ஃபைலெல்லாம் இருக்கிற ஹோம் ஒண்ணா இருக்கணும். தேடினா விண்டோஸ்-லினக்ஸ் டூயல் பூட்தான் கொட்டுது. ஏஎம்டி64 (லேப்டாப் சிபியு), ஆர்ம்64 (பை சிபியு) ரெண்டுக்கும் ஓஎஸ்ஸைக் கிளப்பி விடுற பூட்லோடர் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்குமா? சிஸ்டம் ஃபைலெல்லாம் இருக்கிற ரூட்டையும் ஒண்ணாவே வெச்சுக்க முடியுமா?

கடைசிபெஞ்ச்:
டெபியன்லதான் வேற சிபியு பேக்கேஜையும் சேர்த்துப் போட விடுற மல்டிஆர்ச் இருக்கே. ஒரே ரூட்ல ரெண்டு பேக்கேஜையும் போட்டா ஆச்சு.

சர்வர்ரூம்காரன்:
ஆகாது கடைசிபெஞ்ச். மல்டிஆர்ச் லைப்ரரிக்காக வந்தது. லைப்ரரிக்கு ஆர்க்கிடெக்சர் வாரியா தனி ஃபோல்டர் இருக்கு, ஆனா பாஷ்ங்கிற ஷெல் புரோகிராம் ஒண்ணுதான். அது எந்த சிபியுவுக்கு கம்பைல் ஆச்சோ அதுலதான் ஓடும். ஆப்பிள் மேக்ல ரெண்டு சிபியு கோடையும் ஒரே ஃபைல்ல அடைக்கிற யூனிவர்சல் பைனரி உண்டு. லினக்ஸுக்கும் 2009-ல ஃபேட்எல்ஃப்னு ஒண்ணு வந்துச்சு, கெர்னல்காரங்க சேர்த்துக்கல. அதனால ரூட் ரெண்டு வேணும். இதுல வாதம் பண்ண ஒண்ணுமில்ல.

ஊர்சுத்தி தம்பி, பூட்லோடர் பயம் வேண்டாம். ஜிபிடில (டிஸ்க்கோட பார்ட்டிஷன் டேபிள்) முதல்ல 1 ஜிபிக்கு ஒரு ஃபேட்32 ஈஎஸ்பி, அதாவது பூட் ஃபைலுக்கான பார்ட்டிஷன், போடுங்க. லேப்டாப்போட யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அதுல இஎஃப்ஐ/பூட் ஃபோல்டருக்குள்ள பூட்எக்ஸ்64.இஎஃப்ஐன்னு ஒரு ஃபைலைத் தேடும். பை அந்தப் பக்கமே போகாது. அதோட இஇபிராம் (போர்டுலயே இருக்கிற பூட் சிப்) அதே பார்ட்டிஷனோட மேல்மட்டத்துல ஸ்டார்ட்4.எல்ஃப், கான்ஃபிக்.டிஎக்ஸ்டி, கெர்னல் இமேஜ் மூணையும் எடுத்துக்கும். பேர் எதுவும் மோதாது. அதே பார்ட்டிஷன் லேப்டாப் ரூட்ல /பூட்/இஎஃப்ஐன்னு மவுன்ட் ஆகும், பை ரூட்ல /பூட்/ஃபர்ம்வேர்னு. பையோட இஇபிராமை மட்டும் முதல்ல அப்டேட் பண்ணிடுங்க, பழசு யூஎஸ்பிலேருந்து பூட் ஆகாது.

உண்மையான தொல்லை டெபியன் இன்ஸ்டாலர்தான். வெளி டிஸ்க்ல போடச் சொன்னாலும், லேப்டாப் உள்டிஸ்க்கோட ஈஎஸ்பில கிரப்ங்கிற பூட்லோடரைக் கொண்டுபோய் வெச்சிடும். இன்ஸ்டால் பண்றப்போ பயாஸ்ல உள்டிஸ்க்கை அணைச்சு வைங்க. 'ரிமூவபிள் மீடியா பாத்'ல போடவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க.

அடுத்தது ஹோம். நீங்க ஆசைப்படுறதே அதுதான், நான் வேண்டாம்னு சொல்றதும் அதுதான். உங்க பைத்தான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள்ள (வென்வ்) நம்பைங்கிற கணக்கு லைப்ரரி இருக்கும்ல, அதோட கம்பைல் ஆன .எஸ்ஓ ஃபைல் பேர்லயே எக்ஸ்86_64ன்னு எழுதியிருக்கும். ஆர்ம் பைத்தான் அதைத் திரும்பியும் பார்க்காது, இம்போர்ட் எரர்தான். ரஸ்ட்டோட கார்கோவும் ஜாவாஸ்கிரிப்ட்டோட நோட் மாட்யூலும் இதே கதை. ஒரு ரூட்ல ஃபயர்ஃபாக்ஸ் புது வெர்ஷனா இருந்தா, இன்னொண்ணுல அதே ப்ரொஃபைலைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். ரூட்டுக்கு ஒரு ஹோம் வைங்க. மூணாவதா ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்ல கோடும் டாக்குமென்ட்டும் மட்டும் இருக்கட்டும். ரெண்டு பக்கமும் யூசர் ஐடி 1000 ஆவே இருந்தா பர்மிஷன் சண்டை வராது.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா செய்யாதீங்க: லேப்டாப்பை ஹைபர்னேட்ல போட்டுட்டு டிஸ்க்கைப் பிடுங்கி பைல சொருகுறது. திரும்பி வந்தா லேப்டாப் பழைய ஃபைல்சிஸ்டம் நிலைமையை நம்பி அதுமேலயே எழுதும். அப்புறம் டேட்டா போச்சு. ஹைபர்னேட்டையே எடுத்துடுங்க.

ஊர்சுத்தி:
அண்ணா, பூட் ஆயிடுச்சு, ரெண்டுலயும்! வென்வ் ரெண்டு தனியா, லைப்ரரி பட்டியல் இருக்கிற ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் மட்டும் பொதுவுல வெச்சேன். ஆனா பைல சொருகுறப்போ சில நேரம் டிஸ்க்கைச் செக் பண்ற எஃப்எஸ்சிகே 'கடைசி மவுன்ட் நேரம் எதிர்காலத்துல இருக்கு'ன்னு புலம்புது. கேபிளா, கேஸா?

நடுராத்திரிரூட்:
கேபிளும் இல்ல கேஸும் இல்ல, கடிகாரம். பை 4-ல பேட்டரியோட ஆர்டிசி (அணைச்சாலும் ஓடுற கடிகாரம்) கிடையாது. கடைசியா அணைச்ச நேரத்துலேருந்து எண்ண ஆரம்பிச்சு, நெட் கிடைச்சதும்தான் சரி பண்ணிக்கும். மத்தியானம் லேப்டாப் மவுன்ட் பண்ணின டிஸ்க் அதுக்கு 'நாளைக்கு' மவுன்ட் ஆன மாதிரி தெரியுது. எஃப்எஸ்சிகேவோட செட்டிங் ஃபைலான இ2எஃப்எஸ்சிகே.கான்ஃப்ல 'புரோக்கன்_சிஸ்டம்_க்ளாக்'கை ட்ரூ ஆக்குங்க, புலம்பல் நின்னுடும். கோடைக் கம்பைல் பண்ற 'மேக்' (make) கமாண்ட் ஓட்டுறவங்க அதோட விட்டுடாதீங்க. நேரம் பின்னாடி இருக்கிறப்போ சேவ் பண்ணின ஃபைலை அது பழசுன்னு நினைச்சு கம்பைலே பண்ணாது. சின்ன டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல் ஒண்ணு பையோட ஜிபிஐஓ பின்ல மாட்டிட்டா ரெண்டும் தீர்ந்துது.

சர்வர்ரூம்காரன்:
ஆர்டிசி வாங்குறதே சரி. அப்புறம் தம்பி, பை ரூட்டை அப்டேட் பண்ண ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். லேப்டாப்ல ஆர்ம் புரோகிராமை ஓட்ட வைக்கிற க்யூஇஎம்யூ-யூசர்-ஸ்டாட்டிக் போட்டா, ஆர்ம் ரூட்டுக்குள்ள சிஎச்ரூட் பண்ணி (அதையே ரூட்டா வெச்சு உள்ள போய்) ஆப்ட்ல அப்டேட் ஓட்டலாம். ஈஎஸ்பியை உள்ள /பூட்/ஃபர்ம்வேர்ல மவுன்ட் பண்ண மறந்துடாதீங்க, இல்லாட்டி புதுக் கெர்னல் ரூட் பார்ட்டிஷனுக்குள்ளயே விழும், பை பழசையே பூட் பண்ணும். ஆமை வேகம்தான், ஆனா வேலை நடக்கும்.