சென்னை சென்ட்ரல், பாரிமுனை பக்கம் நடைபாதையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு: என்ன கொடுக்கலாம், எப்போது?

பெரம்பூர்ப் பையன்:
வணக்கம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்து எடுத்துப் போகலாம் என்று இருக்கிறோம். நூறு பொட்டலம் வெஜிடபிள் பிரியாணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மிச்சப் பணத்தில் கம்பளி வாங்கலாம் என்கிறான் ஒருவன். செய்து பழகியவர்கள் யோசனை சொல்லுங்கள்.

மண்ணடி அக்கா:
நல்ல காரியம் தம்பி. ஆனால் ஞாயிறு மதியத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) வாசலில் பிறந்தநாள், நினைவுநாள் என்று வண்டி மேல் வண்டி வரும். ஒரே ஆள் கையில் மூன்று பொட்டலம் இருக்கும், அதில் இரண்டு ராத்திரிக்குள் ஊசிப்போகும். செவ்வாயோ புதனோ ராத்திரி அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். கடை ஷட்டர் இறங்கிய பிறகு போனால்தான் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பதே தெரியும். பகலில் பாதிப் பேர் மூட்டை தூக்கவும் அட்டை பொறுக்கவும் மண்டபத்தில் பாத்திரம் கழுவவும் போயிருப்பார்கள்.

பிரியாணியை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பல் போன பெரியவர்கள் பாதிக்கு மேல் இறக்க முடியாமல் மடித்து வைத்துவிடுவார்கள். எங்கள் கூடையில் முதலில் காலியாவது தயிர்சாதம்தான். சோற்றைக் குழைய வடித்து, பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் கொடுக்கிற நேரத்துக்குப் புளிக்காது. சாம்பார்சாதம் சூட்டோடு கட்டினால் சீக்கிரம் கெடும். வாழையிலையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரியிலிருந்தே தடை, தெரியும்தானே.

கம்பளி வேண்டாம். சென்னைக் குளிருக்கு அது எதற்கு? காலையில் கடை திறக்கும்போது மூட்டையோடு எழுந்து போக வேண்டும், பகலெல்லாம் அதை எங்கே வைப்பார்கள்? மடித்தால் பைக்குள் அடங்குகிற மெல்லிய துப்பட்டி போதும், கொசுவுக்கும் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் கொடுத்தால் கும்பிடுவார்கள். பெண்களுக்கு நைட்டி, உள்ளாடை, நாப்கின். இதைப் பெண்கள்தான் கொடுக்க வேண்டும், கறுப்புக் கவரில் போட்டு. உங்கள் ஆறு பேரில் ஒரு பெண்ணாவது உண்டா?

பூக்கடைப் பக்கம் ஒரு பாட்டி பொட்டலத்தைத் தொடவே மாட்டார். இடுப்புச் சுருக்குப்பையை விரித்துக் காட்டி, "சோறு யாராவது போட்டுடுறாங்கடி, கக்கூஸுக்குத்தான் காசு இல்ல" என்பார். குளிக்கத் தனிக் காசு. அதற்குப் பிறகு நான் ஐந்து ரூபாய்ச் சில்லறை ஒரு டப்பா எடுத்துப் போகிறேன்.

அப்புறம், போட்டோ வேண்டாம். தூங்குகிறவரை எழுப்பவும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இப்படி ஓசியில் போட்டால் யார் வேலைக்குப் போவார்கள்? 2013-லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார்சாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் என்ன வேண்டும்?

மண்ணடி அக்கா:
கணக்குப்பிள்ளை சார், வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். காலில் புண்ணோடு நடக்க முடியாமல் கிடப்பவர் எப்படிப் போய் வரிசையில் நிற்பார்? ஒருநாள் ராத்திரி கூட வாருங்கள், கூடை தூக்க ஆள் வேண்டும்.

இரவல் கூரை:
நான் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பெரிய நகரமென்றால் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது ராத்திரி பகல் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த விஷயம். சென்னையில் மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது. பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று இருப்பவர்கள் பிரிய மனமில்லாமல் வர மறுப்பது இதனால்தான். விடிகாலை லோடு பிடிக்கிறவர்களும் சந்தையை விட்டுத் தள்ளி வர மாட்டார்கள். அதனால் பொட்டலத்தோடு, கிட்ட இருக்கிற காப்பகம் எது என்றும் சொல்லிவையுங்கள். 1913-க்கு அடித்தால் மாநகராட்சியில் கேட்கலாம்.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, ஆடை கலைந்து திரிபவர்களைப் பார்த்தால் நீங்களாக ஆட்டோவில் ஏற்றப் பார்க்காதீர்கள், மிரண்டு ரோட்டில் ஓடிவிடுவார்கள். சென்னை போலீஸில் 2021-லிருந்து 'காவல் கரங்கள்' என்று இதற்காகவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2017 மனநலச் சட்டப்படியும் அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவரிடம் காட்டுவது போலீஸின் கடமை. நீங்கள் சோற்றை எட்ட வைத்துவிட்டு நகர்ந்தால் போதும், ஆள் போன பிறகு எடுத்துச் சாப்பிடுவார்கள்.

மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள், தலைவலி மாத்திரைகூட. புண்ணில் புழு, காய்ச்சல் என்றால் 108.

பெரம்பூர்ப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. புதன் ராத்திரி என்று மாற்றிவிட்டோம். நண்பனின் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நடைபாதையிலேயே குடும்பமாக இருப்பவர்களுக்கும் இதே பொட்டலம்தானா?

மண்ணடி அக்கா:
இல்லை. அவர்கள் மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள், அடுப்பு வைத்துச் சமைப்பவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைகளுக்கு நோட்டு என்று கேட்டுக் கொடுங்கள். தண்ணீருக்கு பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், 20 லிட்டர் கேன் இரண்டு எடுத்துப் போனால் அவரவர் பாட்டிலில் பிடித்துக்கொள்வார்கள். வண்டியைச் சந்துக்குள் விடாதீர்கள், அது லாரி லோடு இறங்குகிற நேரம். கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.