நகராட்சி அலுவலகக் குப்பை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (நகராட்சி ஊழியர்):
வணக்கம். வீடுகளில் குப்பையைத் தரம் பிரித்துத் தருமாறு ஊருக்கு அறிவிக்கும் எங்கள் அலுவலகத்திலேயே எல்லாம் ஒரே கூடையில்தான் விழுகின்றன. பின்கட்டு அறையில் பழைய கணினிகளும் எரியாத குழல் விளக்குகளும் கூரை வரை குவிந்துள்ளன. ஆணையர் செயல்திட்டம் கேட்டிருக்கிறார். எதில் தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற அலுவலக மேலாளர்:
புதிய கூடைகள் வாங்குவதற்கு முன் தாளைக் கவனியுங்கள். 36 வார்டுகள் உள்ள ஊரில் 50 பக்க அஜெண்டாவை ஒருபுறம் மட்டும் அச்சிட்டு வார்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வழங்கினால், ஒரு மன்றக் கூட்டத்துக்கே 1,800 தாள்கள் செலவாகும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம் என்பதால், அது 9 கிலோ. இருபுறமும் அச்சிட்டால் பாதியாகக் குறையும். பாதுகாத்து வைக்க வேண்டிய காலம் முடிந்த கோப்புகளை முழுவதுமாக நறுக்கி விற்க வேண்டாம். நறுக்கும்போது தாளின் நார் குட்டையாகிவிடுவதால், மறுசுழற்சியில் அதற்கு மதிப்புக் குறைவு. ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்ற விவரங்கள் உள்ள பக்கங்களை மட்டும் நறுக்கினால் போதும்.

சுகாதார ஆய்வாளர்:
தாளைப் பற்றி மேலாளர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் அவசரம் பின்கட்டு அறையில்தான் இருக்கிறது. குழல் விளக்கில் பாதரசம் இருப்பதால், அது உடையும் முன் அப்புறப்படுத்த வேண்டும். கழிவுப் பொருள் என்ற ஆணை இல்லாமல் தொட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சத்தில்தான் இவை ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. ஆகவே முதலில் இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பட்டியல் தயாரித்து, அந்த ஆணையைப் பெறுங்கள். பொது ஏலத்தில் விட்டால், அதிக விலை கேட்கும் பழைய இரும்புக் கடைக்காரரிடமே கணினிகளும் போய்ச் சேரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்ற நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

நகராட்சி ஊழியர்:
இருவருக்கும் நன்றி. நெகிழிக் குவளைகளை நிறுத்திவிட்டுக் காகிதக் குவளைக்கு மாறிவிட்டோம். அது சரிதானே?

சுகாதார ஆய்வாளர்:
சரியில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடை, நெகிழி பூசிய காகிதக் குவளைக்கும் பொருந்தும். அந்தப் பூச்சு மக்காது. உரக்கிடங்குக்குப் போனால் உரத்தையும் கெடுத்துவிடும். எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள். கழுவுவது யார் என்பதில்தான் பல அலுவலகங்களில் இந்த முயற்சி நின்றுபோகிறது என்பதால், அதையும் செயல்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.