'ஃபேக்டரி ஆப்ஷன்': ஆலைத்தெரிவு என்று சொல்லலாமா?

அன்பர்களே,

பழைய அமெரிக்க மசில் கார்களைப் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்கள்) பற்றி எழுதும்போது 'ஃபேக்டரி ஆப்ஷன்', அதாவது வாங்குபவர் கேட்டபடி ஆலையிலேயே செய்து தரப்படுவது, என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று பேசி வருகிறோம். இதுவரை வந்தவை தொழிற்சாலை விருப்பம், கூடுதல் வசதி, ஆலைச் சேர்க்கை. மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன.

ஷெவ்ரோலேயின் 1967 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்88 என்ற பந்தய எஞ்சின் வேண்டும் என்று கேட்டால் ஹீட்டர் கிடையாது, ரேடியோவும் கிடையாது. ஹீட்டரை நீக்குவதற்கென்றே சி48 என்று ஒரு குறி இருந்தது. இல்லாத ஹீட்டரைச் சேர்க்கை என்றோ வசதி என்றோ எப்படிச் சொல்வது? விருப்பம் என்றும் சொல்ல முடியாது, அது எஞ்சினோடு சேர்ந்தே வந்த நிபந்தனை. அந்த ஆண்டு அப்படி வெளிவந்தவை 20 கார்கள்தான். இன்று அந்த 'இல்லாமை'யும் சேர்ந்துதான் காருக்கு மதிப்பு.

'தெரிவு' இங்கே பொருந்துகிறது. எடுப்பதும் தெரிவு, விடுவதும் தெரிவு. இலங்கைப் பத்திரிகைகளில் அன்றாடம் புழங்கும் சொல் என்பதால் புதிதாகப் பழக்க வேண்டியதும் இல்லை.

சரி, முன்னால் 'ஆலை' எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் உயிர்நாடி. பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்க்கில் டான் யென்கோ என்ற ஷெவ்ரோலே டீலர் இருந்தார். 1967-இல் ஷெவ்ரோலேயின் புது கமாரோ கார்களின் எஞ்சினைத் தன் பட்டறையில் இறக்கிவிட்டு 427 கன அங்குல எஞ்சினை மாட்டி விற்றார். 1969-இல் அதே அளவு எஞ்சினைக் கோப்போ 9561 என்ற சிறப்பு ஆணை வழியாக ஆலையிலேயே மாட்டி வாங்கினார். பேர் ஒன்று, எஞ்சின் அளவும் ஒன்று. ஆனால் பின்னது மட்டுமே ஆலைத்தெரிவு. வெறும் 'தெரிவு' என்றால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

இதிலிருந்தே 'தெரிவுக்குறி' என்ற சொல்லும் கிடைக்கிறது. 1970 பிளிமத் குடா காரில் எஞ்சின் அறைக்குள் இருக்கும் சின்னத் தகட்டில் ஈ74 என்று இருந்தால் அது 426 ஹெமி எஞ்சினின் தெரிவுக்குறி. எஞ்சின் ஆலையிலேயே மாட்டியதுதான் என்று நம்ப, காரின் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது இடத்தில் 'ஆர்' எழுத்தும் இருக்க வேண்டும். தகட்டைப் புதிதாக அடித்து மாட்டிவிட முடியும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். 1969 கமாரோவில் இந்த வழி உதவாது. அதன் சேசிஸ் எண் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) என்று மட்டும்தான் சொல்லும், எந்த வி8 என்று சொல்லாது. அங்கே கார் வரிசையில் நகர்ந்தபோது தொழிலாளிகள் பார்த்து வேலை செய்த தாள் கிடைத்தால்தான் நிம்மதி. பெட்ரோல் டேங்கின் மேலும் இருக்கையின் சுருள்கம்பிகளுக்குள்ளும் அது சிக்கிக் கிடந்து கிடைத்திருக்கிறது.

'ஆலை' என்றால் பஞ்சாலை, கரும்பாலைதானே நினைவுக்கு வரும் என்ற மறுப்பும் வந்தது. கார் ஆலை என்று செய்தித்தாள்கள் எழுதத்தான் செய்கின்றன. எனக்கு அது தடையாகத் தெரியவில்லை.

யென்கோ 1967-இல் செய்ததற்கும் ஒரு சொல் வேண்டும். 'விற்பனையக மாற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. 'முகவர் மாற்றம்' என்றால் முகவரையே மாற்றியது போல ஒலிக்கிறது. இதைவிடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.