டிரையர் உறுமுது, சுத்தலை: மோட்டாரையே மாத்தணுமா?

சத்துவாச்சாரிக்காரன்:
செமி ஆட்டோமேட்டிக் மெஷின், 7 கிலோ. துவைக்கிற பக்கம் நல்லா ஓடுது. டிரையர் டைமரைத் திருப்பினா 'ம்ம்ம்'னு சத்தம் மட்டும் வருது, டப் அசையலை. கொஞ்ச நேரத்துல கருகின வாடை. பார்க்க வந்தவர் மோட்டார் போச்சுன்னுட்டார். ஐப்பசி மழையில மொட்டை மாடியை நம்ப முடியலை. மல்டிமீட்டர் இருக்கு, நானே பார்க்கலாமா?

காட்பாடி ஒயர்மேன்:
தாராளமா. உறுமுதுன்னா டைமர், மூடி சுவிட்ச் ரெண்டும் வேலை செய்யுது, கரண்ட் மோட்டார் வரைக்கும் போகுது. அதைத் தோண்ட வேணாம். இனிமே அப்படி ஓட விடாதீங்க, காயில் நிஜமாவே கருகிடும்.

பிளக்கைப் பிடுங்கிட்டு முதல்ல பிரேக்கைப் பாருங்க. பின் மூடியைக் கழட்டினா டிரையர் மோட்டார் மேல ஒரு வட்டமான பிரேக் டிரம், அதை உரசுற மாதிரி ஒரு கட்டை, அதுக்கு டிரையர் மூடியிலிருந்து வர்ற ஒயர் தெரியும். மூடியைச் சாத்தினா ஒயர் இழுத்து, கட்டை டிரம்மை விட்டு விலகணும். ஒயர் தளர்ந்திருந்தாலோ ஸ்பிரிங் துருப்பிடிச்சிருந்தாலோ பிரேக் பிடிச்சபடியே நிக்கும். உறுமல், வாடை ரெண்டுக்குமே அது போதும். மூடி சாத்தின நிலையிலேயே டிரம்மைக் கையால சுத்திப் பாருங்க. மூடி திறந்திருந்தா பிரேக் பிடிக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து மோட்டார் இறுகிடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஆற்காடு_சர்வீஸ்:
டப்புக்குக் கீழ சாக்ஸ், கர்சீஃப் ஏதாவது இறங்கியிருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

டிரம் தடையில்லாம சுத்தினா அடுத்தது மோட்டாரைக் கிளப்பிவிடுற கண்டென்சர். பல மெஷின்ல ஒரே டப்பாவுக்குள்ள ரெண்டு இருக்கும்: துவைக்கிறதுக்கு 10, டிரையருக்கு 5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். உங்களுதுல என்ன அச்சடிச்சிருக்கோ அதுதான் கணக்கு. ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. 100 வாட் குண்டு பல்பை முனைகளுக்கு நடுவுல வச்சு மிச்ச சார்ஜை இறக்கிட்டு, ஒயரைப் பிரிச்ச பிறகு அளங்க. 5-க்கு 4.7-க்குக் கீழ வந்தா மாத்திடலாம்.

சத்துவாச்சாரிக்காரன்:
டிரம் தாராளமா சுத்துது. கண்டென்சர் 10 பக்கம் 9.8, 5 பக்கம் 1.9 காட்டுது. மோட்டார் மேல வெள்ளையா உப்புப் படிவம், துருவும் இருக்கு அண்ணா.

ஆற்காடு_சர்வீஸ்:
1.9-க்கு மோட்டார் கிளம்பாது தம்பி. அதே அளவு இரட்டைக் கண்டென்சரா வாங்கிப் போடுங்க. 5 இல்லைன்னு கடைக்காரர் 8 கொடுத்தா வேணாம், சுத்தும், ஆனா காயில் சூடேறும். போடுறதுக்கு முன்னாடி மோட்டாரோட மூணு ஒயரையும் ரெண்டு ரெண்டா ஓம்ஸ்ல அளங்க. பெரிய அளவு மத்த ரெண்டோட கூட்டுத்தொகையா வந்தா காயில் முழுசா இருக்கு. எந்த ஒயருக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு காட்டக் கூடாது.

காட்பாடி ஒயர்மேன்:
அந்த உப்பை விட்டுடாதீங்க. நம்ம பக்கம் போர் தண்ணி கடினம். டப் தண்டு கீழ இறங்குற இடத்து ரப்பர் சீல்ல உப்பு படிஞ்சு, உதடு தேஞ்சு, தண்ணி நேரா மோட்டார் மேல சொட்டுது. கண்டென்சரை மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல பேரிங் கத்தும். டிரம் பக்கத்துல தண்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைத் தளர்த்தி டப்பை மேல உருவினா சீல் கைக்கு வரும். பழசைக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க, தண்டு விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். தண்டுல ஒட்டின உப்பை வினிகர் நனைச்ச துணியால துடைங்க. உப்புத்தாள் போட்டா கீறல் விழுந்து புது சீலும் ஒழுகும்.

சத்துவாச்சாரிக்காரன்:
சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குது. அதுவும் காரணமா?

ஆற்காடு_சர்வீஸ்:
அதுவும் ஒரு கூட்டுக் காரணம்தான். வோல்டேஜின் இருமடிக்குத் தக்கபடி இழுவை குறையும். 230-ல இருக்கிற பலத்துல 180-ல பத்துல ஆறு பங்குதான் தேறும், ஈரத் துணியோட கிளம்பத் திணறும். காலையில ஓட்டுங்க. எல்லாம் பூட்டினதும் துணியில்லாம ஒரு ஓட்டம். ஓடும்போது மூடியைத் திறந்தா டப் சில விநாடியில நிக்கணும், இல்லேன்னா பிரேக் ஒயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க.